நான் போலி என்று தீர்ப்பளித்த சீடை

'எச்சரிக்கை. கீழே கண்ட இணையதளத்தில் யாரும் பணம் கட்ட வேண்டாம். ஆதாரங்கள் வருமாறு.'

சென்ற ஆண்டு கிருஷ்ண ஜயந்திக்கு முந்தைய நாள் காலை, திருவனந்தபுரம் கரமனையில் எங்கள் தெருவின் வாட்ஸ்அப் குழுவில் நான் இட்ட செய்தி இப்படித்தான் தொடங்குகிறது. அது இன்றும் என் போனில் இருக்கிறது. தேதி உள்ள எதையும் அழிக்கும் வழக்கம் எனக்கு இல்லை.

அரசு அலுவலகம் ஒன்றில் ரிக்கார்டு செக்‌ஷனில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். ஓய்வுக்குப் பிறகு, எங்கள் பக்கத்து அக்கிரகாரத் தெருக்களில் எந்தக் குடும்பம் திருநெல்வேலிச் சீமையிலிருந்து எப்போது வந்தது, எந்த வீட்டை யார் எப்போது இடித்துக் கட்டினார்கள் என்றெல்லாம் எழுதி வைத்து வருகிறேன். யாரும் கேட்டதில்லை, ஆனாலும் எழுதுகிறேன். தேதி போடாத காகிதத்தை நான் காகிதமாகவே மதிப்பதில்லை.

இந்தக் குணத்துக்குத் தெருவில் திடீரென்று ஒரு மரியாதை வந்தது. எங்கள் வரிசையிலேயே ஒரு மாமா, வீடியோக்களுக்கு லைக் போட்டால் பணம் தருகிறோம் என்ற ஒரு தளத்தை நம்பி, முதலில் கொஞ்சம் பெற்று, பிறகு நிறையக் கட்டி, எல்லாவற்றையும் இழந்தார். அவருக்காகப் புகார் எழுதிக் கொடுத்தது நான். எழுதும்போது அந்தத் தளத்தை ஆராய்ந்து பார்த்தேன். அது தொடங்கியே சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. முகவரி இல்லை. பணம் யார் பெயருக்குப் போகிறது என்பதும் தெரியவில்லை. இதையெல்லாம் முதலிலேயே பார்க்க வேண்டாமா என்று குழுவில் எழுதினேன். அன்றிலிருந்து யாருக்கு எந்த லிங்க் வந்தாலும் எனக்கு அனுப்பிவிடுவார்கள். 'அண்ணா பாத்துச் சொல்லட்டும்' என்பது தெருவின் வழக்கமாகிவிட்டது. எனக்கும் அது பிடித்திருந்தது என்பதை மறைப்பானேன்.

ஜயந்தி நெருங்கும்போது அப்படி ஒரு லிங்க் வந்தது. சீடை, முறுக்கு, தட்டை, திரட்டுப்பால் எல்லாம் வீட்டில் செய்து தருவோம், தளத்திலேயே ஆர்டர் கொடுத்து முன்பணம் செலுத்துங்கள் என்றது அந்தப் புதிய தளம். தெருவில் பலர் ஏற்கெனவே ஆர்டர் கொடுத்துவிட்டார்கள். நகரின் மற்ற பகுதிகளான ஸ்ரீவராகத்திலும் கோட்டைக்குள்ளும் கூடச் சிலர் கொடுத்திருந்தார்கள். கொஞ்சம் சந்தேகம் தட்டிய ஒருவர் எனக்கு அனுப்பி, 'கொள்ளாமா அண்ணா?' என்று, நம்பலாமா என்ற அர்த்தத்தில், கேட்டார்.

நான் மூன்று நாள் உட்கார்ந்து ஆராய்ந்தேன். தளம் தொடங்கி மாதம் ஒன்றுகூட ஆகவில்லை. 'எங்களைப் பற்றி' என்ற பக்கத்தைத் திறந்தால் ஒரு பூப்படமும் 'அன்புடன் செய்கிறோம்' என்ற ஒரு வரியும்தான். பணம் செலுத்தும் குறியை ஸ்கேன் செய்து பார்த்தேன். ஒரு பெண்ணின் பெயர் வந்தது. மூன்று தெருக்களின் வம்சாவளியையும் எழுதி வைத்திருப்பவன் நான். அதில் எங்குமே அந்தப் பெயர் இல்லை. போதாததற்கு, தளத்தின் அடியில், 'வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்க விரும்பும் பெண்கள் அணுகலாம்' என்று இருந்தது. லைக் போட்டுக் கெட்ட மாமாவின் கதையும் இதே வரியில்தான் தொடங்கியது.

கடைசியாக ஒரு படம். வெள்ளைத் துணியில் சீடை உருட்டிப் போடும் ஒரு கை. மணிக்கட்டில் செம்பும் பித்தளையும் முறுக்கிய ஒரு வளையல். அதைப் பெரிதாக்கிப் பார்த்ததும் எனக்கு உற்சாகம் வந்துவிட்டது. செய்தியில் இப்படி எழுதினேன்: 'இவ்வகை வளையல் ஹரித்வார்ப் பக்கத்தில் விற்கப்படுவது. நம் பக்கத்துப் பெண்கள் யாரும் அணிவதில்லை. எனவே இந்தக் கை நம் ஊர்க் கை அல்ல. படம் வட இந்தியாவில் எங்கோ எடுக்கப்பட்டுத் திருடப்பட்டது.'

நான் அதைத் தட்டிக்கொண்டிருந்தபோது என் மனைவி காப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுச் சற்று நேரம் பின்னால் நின்றாள். 'ஆறிடும், குடிச்சுட்டு எழுதுங்கோ' என்றாள். நான் ஒரு 'ம்' கொட்டிவிட்டுச் செய்தியை அனுப்பினேன்.

பத்து மணிக்குள் குழுவெங்கும் கை கூப்பிய படங்கள். 'அண்ணா, காப்பாத்தினேள்.' 'சிபிஐல இருக்க வேண்டியவர்.' யாரோ அதை ஸ்ரீவராகத்துக் குழுவுக்கு அனுப்ப, அங்கிருந்து மலையாளத்தில் மொழிபெயர்க்கப்பட்டு, மேலே மூன்று சிவப்பு முக்கோணங்களோடு எனக்கே திரும்பி வந்தது. என் எழுத்து மொழிபெயர்க்கப்பட்டது அதுவே முதல் தடவை.

மதியம் என் மனைவி வாசல் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். புடவைத் தலைப்பெல்லாம் அரிசி மாவு.

"என்ன எழுதியிருக்கேள் நீங்க?"

"ஏன், நீ பாக்கலையா? எல்லாரும் பாராட்டறா."

"பாராட்டுவா. அங்க பாப்பா மாமியாத்துல போன் மேல போன் வந்துண்டிருக்கு. பணத்தைத் திருப்பித் தா, இல்லேன்னா போலீஸ்ல சொல்லிடுவோம்னு."

பாப்பா மாமி எங்கள் வீட்டுக்கு எதிர் வரிசையில் இருப்பவர். தெருவுக்கே அவர் பாப்பா மாமிதான். கணவர் போன பிறகு, பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் அனுப்பும் பணத்தில் காலம் தள்ளுவது பிடிக்காமல் இருந்தவர். தளத்தை அமைத்துக் கொடுத்தது அந்த மகள். அரிசியும் எண்ணெயும் வெண்ணெயும் வாங்கியது மாமியின் கைக்காசில். மறுநாள் ஜயந்தி முடிந்துவிட்டால் அத்தனை சீடையையும் யார் வாங்கப் போகிறார்கள்?

"மாமிக்கு அது பேரே இல்லையே," என்றேன். தப்பிக்க எனக்குக் கிடைத்த ஒரே வழி அதுதான்.

"பேங்க்ல பாப்பான்னா எழுதுவா? அது வீட்டுப் பேராக்கும். ரிக்கார்டுல வேற பேர். உங்க வம்சாவளியில என்ன எழுதி வச்சிருக்கேள்?"

எடுத்துப் பார்த்தேன். 'பாப்பா' என்றுதான் எழுதியிருந்தேன். எங்கள் தெருக்களில் அம்மு, பாப்பா, குஞ்சு என்று கூப்பிட்டே ஆயுள் முடிந்துவிடும். ஒருவரின் உண்மைப் பெயர் கல்யாணப் பத்திரிகையில் ஒரு தடவையும் காரியப் பத்திரிகையில் ஒரு தடவையும்தான் வெளியே தெரியும். மாமியின் கல்யாணம் நான் இந்தத் தெருவைப் பற்றி எழுதத் தொடங்குவதற்கு முன்பே நடந்துவிட்டது.

"அது சரி, அந்தப் படம்? அது வட இந்தியக் கைதானே?"

மனைவி வலது கையை என் மூக்குக்கு நேரே நீட்டினாள். மணிக்கட்டில் செம்பும் பித்தளையும் முறுக்கிய வளையல். ஓய்வு பெற்ற கையோடு நாங்கள் போன வடநாட்டு யாத்திரையில், அவளுடைய மணிக்கட்டு வலிக்கு நல்லது என்று ஹரித்வாரில் நானே பேரம் பேசி வாங்கிக் கொடுத்தது.

"நேத்திக்கு வரைக்கும் இது நம்மாத்துக் கையாக்கும். இன்னிக்குக் காலம்பறதான் திருட்டுக் கை ஆச்சு."

என் ஆராய்ச்சியில் ஒரு பிழையும் இல்லை என்பதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். வளையல் ஹரித்வாரில் வாங்கியதுதான். முடிவு மட்டும்தான் தவறு.

அந்த வாரம் முழுவதும் அவள் பிற்பகலில் வெளியே போனது எனக்குத் தெரியும். 'மாமியாத்துல சீடை உருட்டப் போறேன்' என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். நான் அந்தத் தளத்தை ஆராய்ந்துகொண்டே தலையாட்டியிருக்கிறேன். வீட்டிலிருந்தபடியே சம்பாதிக்க விரும்பி அணுகிய பெண்களில் முதல் பெண் என் மனைவி.

இருவரும் மாமி வீட்டுக்குப் போனோம். கூடம் முழுக்கத் தகர டின்கள். நடுவில் மாமி போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். திட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

"அண்ணா, நான் போலியா?" என்று மட்டும் கேட்டார்.

"மாமி, தளத்துல உங்க பேரோ அட்ரஸோ ஒண்ணும் போடலையே..."

"போட்டா பாப்பா காசுக்குச் சீடை விக்கறாள்னு தெருவெல்லாம் பேசுவாளேன்னுதான் போடலை. எனக்கு அது ஒரு கூச்சம். ஆனா ஒரு வார்த்தை கேட்டுப் பாத்திருக்கலாம் இல்லையா? தளத்துல புது போன் நம்பர் இருந்ததே. கூப்பிட்டிருந்தா எதிர்த்தாத்துல மணி அடிக்கறது உங்களுக்கே கேட்டிருக்கும்."

உண்மைதான். அந்த எண்ணை எழுதி வைத்து, அதன் இலக்கங்களை ஆராய்ந்து, எந்த வட்டாரத்து எண் என்றெல்லாம் பார்த்தேனே தவிர, கூப்பிட மட்டும் தோன்றவில்லை.

உடனே குழுவில் 'பிழைதிருத்தம்' என்று தலைப்பிட்டு நீளமாக ஒரு செய்தி எழுதினேன். ஒருவரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. எச்சரிக்கைக்கு இருந்த கால்கள் திருத்தத்துக்கு இல்லை. படித்த ஒரே ஒருவரும், 'அண்ணாவோட போனை யாரோ ஹேக் பண்ணிட்டா, ஜாக்கிரதை' என்று பதில் போட்டார். அதற்கும் கை கூப்பிய படங்கள் வந்தன.

வேறு வழியில்லை. ஓர் ஆட்டோவைப் பிடித்து டின்களை ஏற்றி, ஆர்டர் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் கொண்டுபோவது என்று முடிவாயிற்று. டிரைவர் டின்களைப் பார்த்துவிட்டு, "கல்யாணத்தினோ சாரே?" என்றார். ஒரு தப்பு நடந்துவிட்டது, அதைச் சரி செய்யப் போகிறோம் என்றேன். அவர் என் மனைவியின் முகத்தைக் கண்ணாடியில் பார்த்தார். வழியில் வேறு எதுவும் கேட்கவில்லை.

எங்கள் தெருக்கள் சுலபமாக முடிந்தன. பாப்பா மாமி என்று சொன்னதும் வாங்கிக்கொண்டார்கள். இரண்டு வீட்டில் கூடுதலாகவே கேட்டார்கள். சிக்கல் ஸ்ரீவராகத்தில்தான். அங்கே ஒரு மாமா, என் வயதுக்காரர், கதவைப் பாதி திறந்து நின்றுகொண்டு, போனில் என் செய்தியைத் திறந்து வைத்திருந்தார்.

"ஓய், போலின்னு எழுதினதும் நீர். இப்போ டின்னைத் தூக்கிண்டு வரதும் நீரா? எவ்வளவு கமிஷன்?"

"கமிஷன் ஒண்ணும் இல்லை. எனக்குத் தெரியாமப் போச்சு."

"இருக்கட்டும். உம்ம ஆதாரத்தையே கேக்கறேன். எப்போ தொடங்கினது?"

"போன மாசம்."

"அட்ரஸ் ஏன் இல்லை?"

"கூச்சம்."

"கூச்சமா! இந்தப் பேருக்கு உடையவள் யார்? உம்ம வம்சாவளியிலேயே இல்லைன்னு நீரே எழுதியிருக்கேரே?"

நான் எழுதிய ஒவ்வொரு வரியையும் வரிசையாகப் படித்து என்னையே குறுக்கு விசாரணை செய்தார். அவ்வளவு கவனமாக என் எழுத்தைப் படித்த வாசகர் எனக்கு முன்னும் பின்னும் அமைந்ததில்லை.

"ஒண்ணே ஒண்ணு வாயில போட்டுப் பாருங்கோ, வீட்டுச் சீடையா கடைச் சீடையான்னு தெரிஞ்சுடும்," என்று டின்னைத் திறக்கப் போனேன்.

அவர் இரண்டடி பின்வாங்கினார். "சிவ சிவா! நைவேத்யம் ஆகாம சீடையை வாயில போடச் சொல்றேரே, உம்மை எப்படிய்யா நம்பறது?"

அதுவும் நியாயம்தான். சீடை விஷயத்தில் அதுதான் கஷ்டம். கிருஷ்ணனுக்குப் படைக்கும் வரை ஒருவரும் ருசி பார்க்க முடியாது. செய்தவளே உப்புப் பார்க்க மாட்டாள். அது வரைக்கும் செய்த கையை நம்புவதைத் தவிர வேறு சோதனையே கிடையாது.

அப்போது அவர் மனைவி உள்ளிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். என் மனைவியைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது.

"மன்னியா! வாங்கோ. நான் அந்தப் படத்தைப் பாத்ததுமே சொன்னேன், இது கரமனை மன்னி கையாக்கும்னு. போன தடவை சமூக மடத்துல சாப்பாடு பரிமாறறச்சே இந்தத் தாமிர வளையை எங்கே வாங்கினேள்னு கேட்டேனே, ஞாபகம் இருக்கா? இவர்தான், அண்ணாவே வட இந்தியக் கைன்னு எழுதியிருக்கார், நீ சும்மா இருன்னு சொல்லிட்டார்."

மாமா என்னைப் பார்த்தார். நான் டின்னைப் பார்த்தேன்.

"ஓய்," என்றார் மெதுவாக, "ஆத்துக்காரி கையையா உமக்கு அடையாளம் தெரியலை?"

"உங்களுக்கு என்ன தெரியுமாம்?" என்றார் அவர் மனைவி. "என் கையைப் படம் எடுத்துக் காட்டினா, ஒரு வேளை காப்பி டம்ளரோட இருந்தாத் தெரிஞ்சுக்குவேள்."

அதன் பிறகு கதவு முழுவதும் திறந்தது. டின் உள்ளே போயிற்று. மாமா அங்கேயே மீதிப் பணத்தைத் தளத்தில் செலுத்தி, போய்ச் சேர்ந்துவிட்டதா என்று மாமியைக் கூப்பிட்டும் கேட்டார். சாயந்திரத்துக்குள் ஒரே ஒரு டின்தான் மீந்தது. அந்த ஆர்டர் கொடுத்தவர்கள் பயத்தில் கடைச் சீடை வாங்கிவிட்டார்களாம். அவர்கள் கட்டிய முன்பணத்தையும் சேர்த்துக் கொடுத்து, அதை நான் வாங்கிக்கொண்டேன். மறுநாள் பூஜை முடிந்து முதல் சீடையை வாயில் போட்டபோது, அது எந்தக் கை உருட்டியது என்று எனக்குச் சந்தேகமே வரவில்லை.

இப்போது அந்தத் தளத்தில் மாமியின் ரிக்கார்டுப் பெயர், அடைப்புக்குறிக்குள் பாப்பா மாமி, முகவரி எல்லாம் இருக்கின்றன. தொடங்கிய மாதமும் இருக்கிறது. அதைப் போடச் சொன்னது நான். வம்சாவளியிலும் திருத்திவிட்டேன். புதிய தளங்களை இன்றும் எல்லோரும் எனக்கு அனுப்புகிறார்கள், நானும் பழைய சோதனைகளை எல்லாம் செய்கிறேன். ஒன்றையும் விடவில்லை, ஏனென்றால் லைக் போட்டுக் கெட்ட மாமா இழந்த பணம் இன்னும் திரும்பி வரவில்லை. ஆனால் 'போலி' என்று எழுதுவதற்கு முன் இப்போதெல்லாம் ஒரு போன் போடுகிறேன். படத்தில் கை இருந்தால் மனைவியையும் கூப்பிட்டுக் காட்டுகிறேன்.

ஒரு விஷயம் மட்டும் நிலுவையில் இருக்கிறது. அன்று காலை என் பின்னால் நின்றபோது அவள் அந்தச் செய்தியைப் படித்தாளா இல்லையா? கண்ணாடி போட்டுக்கொள்ளவில்லை, ஒன்றும் தெரியவில்லை என்கிறாள். படித்திருந்தால் தடுத்திருக்க மாட்டாயா என்று கேட்டால், "தடுத்தா நிக்கற ஆளா நீங்க?" என்கிறாள். எதிரில் இருக்கும் கையைப் பார்க்காமல் தூரத்து ஆதாரங்களைத் தேடியவனுக்கு இதுவும் வேண்டும் என்றே நினைக்கிறேன். அன்று அவள் கண்ணாடி அணிந்திருந்தாளா என்பதை இன்றுவரை என்னால் உறுதி செய்ய முடியவில்லை.