எதிர்த்திசை

ஐ.டி.ஐ. வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர், திருவொற்றியூரில் மின்கம்பம் ஏறும் ஒப்பந்தத் தொழிலாளி. வலது புருவம் கருகியிருக்கும். எந்தச் சுவிட்சையும் முதலில் புறங்கையால்தான் தொடுவார்.

ஒருநாள் ஆசிரியர் கரும்பலகையில், மின்சாரம் பாயும் திசையைக் காட்ட, கம்பத்திலிருந்து வீட்டுக்கு அம்புக்குறி போட்டார்.

“வூட்லருந்து கம்பத்துக்குக் கரண்ட் வராதா சார்?” என்றார் இவர். வகுப்பே சிரித்தது, நானும்.

“இன்னாத்துக்கு சிரிக்கிற மாமு? லைன ஆஃப் பண்ணிட்டுதான் என் தோஸ்து மேல ஏறுனான். எவனோ வூட்ல ஜெனரேட்டர் போட்டான். ரிவர்ஸ்ல வந்துச்சு. அவ்ளோதான்.”

மழைக்குப் பின் எங்கள் தெருவில் மின்சாரம் நின்றபோது அவர்தான் வந்தார். வீடு வீடாகத் தட்டி, ஜெனரேட்டர் போடாதீர்கள் என்று எச்சரித்தார். எங்கள் வாசலில் என்னைப் பார்த்ததும், “உனுக்குத்தான் தெரியுமே மாமு” என்று சிரித்துவிட்டுக் கம்பம் ஏறினார்.

உள்ளே அண்ணன் கயிற்றை இழுக்க, ஜெனரேட்டர் உறுமியது. ஓடிப்போய் அணைத்தேன். வெளியே வந்து நிமிர்ந்து பார்க்கத்தான் தைரியம் வரவில்லை.