முன் பிரேக்

வெல்டர், மண்டிக்காரர் மகன், கம்பவுண்டர், நான். எண்பத்து மூன்றில் கிளியனூர் ரோட்டில் ஞாயிறுதோறும் மோட்டார் சைக்கிள் பந்தயம் விட்டவர்கள் நாங்கள்தான். எங்கள் மெக்கானிக் ஒல்லியான ஆள். எடை குறையட்டும் என்று முன் பிரேக்கைக் கழற்றி, லீவரைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வார்.

"நிக்கறதுக்கா போறீங்க?" என்பார்.

வெல்டர் வண்டியை நிறுத்த முடியாமல் லாரியில் மோதிச் செத்தார். அதற்குப் பிறகும் கழற்றச் சொன்னோம். கோடை முடிவதற்குள் மற்ற இருவரும் அப்படியே போனார்கள்.

நான்கு வருடம் கழித்து மெக்கானிக்கைத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். தலை முழுக்க நரைத்திருந்தது.

"அந்த வேலைய விட்டுட்டீங்களாண்ணே?"

"மாட்டேன்னா வேற கடைக்குப் போறானுங்க. கழட்டிக்கினுதான் இருக்கேன்."

"எத்தினி வண்டி?"

விரல் மடக்கி எண்ணினார்.

"இந்த வருஷம் ஆறு."