மாடி வீட்டு அக்காவுக்கு ஒரு பாக்கெட்

எனக்கு ஒன்பது வயதானபோது, மாடி வீட்டு அக்காவை நான் அரசாங்கத்தில் பதிவு செய்தேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே, அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, நல்ல கையெழுத்தில் செய்தேன்.

அப்போது ஸ்ரீரங்கத்தில் ஒரு சந்துக்குள், மேலும் கீழுமாக ஆறு குடும்பங்கள் இருந்த ஸ்டோரில் குடியிருந்தோம். அம்மா வயிற்றில் தம்பி. பதினைந்து நாளுக்கு ஒருமுறை பால்வாடியில் கர்ப்பிணிகளுக்குச் சத்துமாவு கொடுப்பார்கள். லீவு நாளாக இருந்தால் நானும் போவேன். அம்மா எடை மெஷினில் ஏறி நிற்பாள். டீச்சர் நீளமான பதிவேட்டில் எழுதுவார். வரிசை எண், பெயர், வயது, எத்தனையாவது மாதம், எடை, கையெழுத்து. ஒரு கட்டம்கூடக் காலியாக இருக்காது. எனக்கு அதைவிட அழகான பொருள் உலகத்தில் இல்லை. "தப்பா எழுதினா மாவு வராது, பாப்பா," என்பார் டீச்சர்.

மாடி வீட்டு அக்கா வையம்பட்டிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி வந்தவள். புருஷனுக்கு வெல்டிங் பட்டறையில் வேலை. மாமியாரும் கூடவே இருந்தார். மாமியார் கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து அக்கா எங்கள் வீட்டுக்கு இறங்கி வருவாள். அம்மா பாக்கெட்டைப் பிரித்து, வெல்லமும் வெந்நீரும் விட்டுப் பிசைந்து, இரண்டு பங்கு வைப்பாள். அக்காவின் பங்குதான் பெரியது. அவள் வயிறும் பெரிதாகிக்கொண்டிருந்தது. தின்றுகொண்டே எனக்குக் கணக்குச் சொல்லித் தருவாள். பத்தாவதில் கணக்கில் தொண்ணூற்றிரண்டு வாங்கியவள்.

"உனக்கு எத்தனை வயசுக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வீட்டுக்குள்ள பதினாறு. வெளிய யாராச்சும் கேட்டா பத்தொம்போது. மாடி இறங்குறதுக்குள்ள மூணு வயசு கூடிருது பாரு," என்று சிரித்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. "சாப்பிடுறப்ப என்ன பேச்சு?" என்றாள். இது ரகசியம் என்று எவரும் என்னிடம் சொல்லவில்லை.

அந்த மாதம் அம்மாவின் எடை ஏறவில்லை. டீச்சர் பேனாவைக் கீழே வைத்தார்.

"ஏம்மா, மாவை நீ திங்குறியா, கோழிக்குப் போடுறியா?"

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

"நான்தான் டீச்சர் சாப்பிடுறேன்."

"அப்புறம் எங்க போகுது? ரத்தமும் கம்மின்னு நர்சம்மா சொல்றாங்க. பிரசவத்துல ஒண்ணுன்னா யாரு பதில் சொல்றது?"

அம்மா பையை மடித்தாள். எனக்கோ விஷயம் தெளிவாகத் தெரிந்தது. ஒருவருக்கு வரும் மாவை இரண்டு பேர் தின்கிறார்கள். அக்கா பெயரிலும் ஒரு பாக்கெட் வந்துவிட்டால் தீர்ந்தது. அவள் போய்க் கேட்காததற்குக் காரணம் கூச்சம் என்று நானே முடிவு செய்துகொண்டேன்.

கட்டுரை நோட்டில் ஒரு தாளைக் கிழித்துக் கட்டங்கள் போட்டேன். பெயர் எழுதினேன். மாதம்: ஆறு. எடை: டீச்சர் பார்க்கவும். வயதுக் கட்டத்தில் மட்டும் கொஞ்சம் யோசித்தேன். பிறகு, தப்பாக எழுதினால் மாவு வராதே என்று 16 போட்டேன்.

மறுநாள் பள்ளி விட்டு வரும் வழியில் தாளை டீச்சரிடம் நீட்டினேன். சிரித்துக்கொண்டேதான் வாங்கினார். பாதியில் அந்தச் சிரிப்பு நின்றுவிட்டது.

"யாரு எழுதச் சொன்னது?"

"நானேதான் டீச்சர்."

"வயசு நிஜமா?"

"நிஜம். அக்காவே சொன்னாங்க."

அவர் மெல்ல நாற்காலியில் உட்கார்ந்தார். "ஐயோ, இதை ஏன்டி என்கிட்ட கொடுத்த? தெரிஞ்சப்புறம் நான் சொல்லாம இருக்க முடியாதேடி," என்றார். மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் சந்து முனையில் ஜீப் வந்து நின்றது. நான் கேட்டது ஒரு பாக்கெட் மாவு. வந்து இறங்கியவர்கள் கோப்பு வைத்திருந்த ஓர் அதிகாரி அம்மாவும் இரண்டு பெண் போலீஸும். பதினெட்டு வயதுக்குள் கல்யாணம் செய்து வைப்பதும், அந்த வயதில் பிள்ளை உண்டாவதும் வழக்காகும் என்பதோ, அதனால்தான் அக்கா எந்தப் பதிவேட்டின் பக்கமும் போகாமல் இருந்தாள் என்பதோ எனக்குத் தெரியாது. வாசலில் நின்றேன். அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு, செருப்புகூடப் போடாமல் படியிறங்கினாள்.

"பயப்படாதம்மா, உன்னை ஒண்ணும் பண்ண மாட்டோம்," என்றார் அதிகாரி.

"அவரை என்ன பண்ணுவீங்க?"

அதிகாரி கோப்பைப் புரட்டினார். அவள் புருஷனைப் பட்டறையிலேயே பிடித்துவிட்டார்கள்.

மாமியார் நடு முற்றத்தில் நின்று கத்தினார். "எவடி போட்டுக் கொடுத்தது? என் குடியைக் கெடுத்தவ எவடி?"

எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. நான் வாயைத் திறந்தேன். அம்மா என்னைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு முன்னே வந்தாள்.

"நான்தாங்க சொன்னேன்."

அக்கா திரும்பிப் பார்த்தாள். "நீங்களாக்கா?" என்று மட்டும் கேட்டாள்.

அக்காவைப் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிறகு ஏதோ காப்பகம் என்றார்கள். ரத்தம் ஏற்றியதால்தான் தாயும் பிள்ளையும் பிழைத்ததாக டீச்சர் பின்னால் சொன்னாராம். மற்றவர் எழுதும் தரவுகளைச் சரிபார்ப்பதுதான் இன்று என் வேலை. அந்தத் தாளை எத்தனையோ முறை மனதுக்குள் சரிபார்த்துவிட்டேன். ஒரு கட்டத்திலும் பிழை இல்லை.

அதன் பிறகு ஸ்டோரில் யாரும் அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. தம்பி பிறந்தபோது ஒருவர்கூட எட்டிப் பார்க்கவில்லை. ஜீப் வந்துபோன பின் ஒரு வாரம் நானும் அம்மாவிடம் பேசவில்லை. அவ்வளவு அழகாகக் கோடு போட்டு நான் எழுதிக் கொடுத்ததை, தான் செய்ததாக எல்லார் முன்னாலும் அம்மா எப்படிச் சொல்லலாம் என்று எனக்கு அத்தனை கோபம்.