பத்து சென்டிமீட்டர் மண்

கந்தப்பளைக்கு மேலே உள்ள எங்கள் தோட்டத்தில், எட்டாம் நம்பர் மலையைத்தான் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டேன். அது நாங்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளுக்கு நேர் மேலே இருந்தது. அக்கா அங்கேதான் கொழுந்து எடுத்தாள். தேயிலைக்கு அடியில் உள்ள மண் ஒரு நாளில் எவ்வளவு காபனீரொட்சைட்டு வாயுவை வெளிவிடுகிறது, அதில் எத்தனை மண்புழுக்கள் இருக்கின்றன என்று ஒரு வருடம் அளக்க வேண்டும். செடிகளுக்கு நடுவே ஒரு டின்னைக் கவிழ்த்து, உள்ளே அந்த வாயுவை உறிஞ்சும் காரக் கரைசல் ஊற்றிய கிண்ணத்தை வைப்பேன். மறுநாள் அதையும், மேலிருந்து பத்து சென்டிமீட்டர் ஆழம்வரை தோண்டிய மண்ணையும் கண்டியில் இருக்கும் எங்கள் கேம்பஸ் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோவேன்.

அம்மா போன பிறகு என்னைப் படிக்க வைத்தவள் அக்கா. முதல் நாள் டின்னைப் பார்த்ததும் சிரித்தாள்.

"என்னாடி இது?"

"மண்ணு மூச்சு விடுதுக்கா. அதப் புடிக்கிறேன்."

"நாங்க மிதிக்கிற மிதியில அது எங்க மூச்சு விடப்போவுது!"

ஆனாலும் நாய்கள் தட்டிவிடாமல் டின்களைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான்.

ஆய்வு தொடங்கிய பத்தாவது மாதம் ஒரு பின்னேரம் கொழுந்து நிறுத்துவிட்டு என்னிடம் வந்தாள். "மேல தண்ணி ஓடுற கானுக்குப் பக்கத்துல நெலம் வெடிச்சிருக்கு. என் கை உள்ள போவுது. வந்து பாரேன்."

போய்ப் பார்த்தேன். ஒரு லொறி நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது. எனக்கு இன்னும் மூன்று இடத்தில் மண் எடுக்க வேண்டியிருந்தது. கடைசி பஸ்ஸும் போய்விடும். "வெயிலுக்குக் காஞ்சு வெடிச்சிருக்கும்க்கா. ஒண்ணும் ஆவாது. எதுக்கும் கேம்பஸ்ல கேட்டுச் சொல்றேன்."

"நீ சொன்னா சரி" என்று கூடையை மாட்டிக்கொண்டாள்.

கேம்பஸில் நான் யாரிடமும் கேட்கவில்லை. மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய். என் முடிவுகளைக் கேட்டு விரிவுரையாளர் காத்திருந்தார். இன்னொரு நாள் கேட்கலாம் என்று தள்ளிப்போட்டேன்.

அடுத்த மாதம் நான்கு நாள் விடாமல் மழை பெய்தது. ஐந்தாம் நாள் காலையில், மலை சரிந்து இறங்கிவிட்டது என்று லயத்தில் பக்கத்து வீட்டுக்காரி கண்டிக்குப் போன் எடுத்து அழுதாள். இறம்பொடைக்கு மேலே பாதை மூடியிருந்தது. நடந்தும், ஒரு மரக்கறி லொறியில் ஏறியும் மறுநாள் போய்ச் சேர்ந்தேன். லயத்தில் நான்கு காம்பரா வீடுகளைக் காணவில்லை. அதில் ஒன்று எங்களுடையது. ஆட்கள் மம்பட்டியால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பதினொரு மாதமாக நான் அளந்த கறுப்பு மண் எங்கேயும் தெரியவில்லை. அதற்கு எத்தனையோ அடி கீழே இருந்த செம்மண் மேலே வந்து கிடந்தது.

அக்காவை மூன்றாம் நாள் எடுத்தார்கள். குளிப்பாட்டியபோது முடியிலிருந்து மண் போகவே இல்லை. ஐந்து வாளித் தண்ணீர் ஊற்றினோம்.

இரண்டு கிழமை கழித்து ஆய்வுகூடத்துக்குப் போனேன். "அந்த இடத்தை விட்டுவிடுங்க" என்று விரிவுரையாளர் மெதுவாகச் சொன்னார். குளிர்சாதனப் பெட்டியில் கடைசியாக எடுத்த மண் பைகள் இருந்தன. ஒன்றைப் பிரித்துச் சலித்தேன். சல்லடையில் மிளகு அளவில் ஒரு மண்புழு முட்டை தங்கியது. நோட்டில் 'ஒன்று' என்று எழுதினேன். பேனாவை மூடி வைத்தேன்.

முப்பத்தோராம் நாள் காரியம் முடிந்ததும் அக்காவின் புருஷனை, மச்சானைத் தேடிப் போனேன். மலை இறங்கிய அன்று அவர் ஹட்டனில் மேசன் வேலைக்குப் போயிருந்ததால் தப்பியவர். லயத்துச் சனங்களோடு பாடசாலையில் தங்கியிருந்தார்.

"மச்சான், ஒண்ணு சொல்லணும். அக்கா எனக்கு அந்த வெடிப்பக் காட்டுச்சு. நாந்தான் ஒண்ணும் ஆவாதுன்னு சொல்லிட்டேன்."



"எங்கிட்டயும் காட்டுனா" என்றார். "லயத்த விட்டுட்டு எங்க போயி இருக்கிறதுன்னு சத்தம் போட்டேன். அதுக்கப்புறம் அவ அதப் பத்திப் பேசவே இல்ல."

அவரிடம் திட்டு வாங்கத்தான் நான் போயிருந்தேன். அவர் வகுப்பறை வாங்குப் பலகையில் உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டார். பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்தியானச் சோற்றுக்குக் கூப்பிட்டார்கள். இருவருமே எழுந்திருக்கவில்லை.