திறக்க மறுத்த கல்யாணம்

அந்த நீலக்கோடு இன்னும் கண்ணுக்குள் ஊர்கிறது. கேமராவில் எடுத்த கல்யாணத்தை ஒயர் வழியாகக் கம்ப்யூட்டருக்குள் இறக்கும்போது திரையில் நகரும் கோடு அது. தொண்ணூறுகளின் கடைசி. காந்திபுரத்தில் என் ஸ்டுடியோ வாசலில் ‘கம்ப்யூட்டர் எடிட்டிங்’ என்று போர்டு மாட்டியிருந்தேன். கம்ப்யூட்டர் இருந்தது, எடிட்டிங்தான் இல்லை. படத்தை இறக்கும் சாஃப்ட்வேருக்கும் வெட்டி ஒட்டும் சாஃப்ட்வேருக்கும் ஏழாம் பொருத்தம். முன்னது கொடுத்த ஃபைலைப் பின்னதில் திறந்தால் சத்தம் மட்டும் வரும். படம் கன்னங்கரேல்.

அந்தக் கறுப்பை நான் முறைத்துக்கொண்டிருக்க, முதுகுக்குப் பின்னால் கல்யாணப் பெண்ணின் அப்பா. தினமும் தாராபுரத்திலிருந்து முதல் பஸ்ஸில் வந்துவிடுவார். முகூர்த்த நேரத்தில் குழம்பு தீர்ந்துபோச்சென்று பந்திக்கு ஓடியவர். மகளுக்குத் தாலி கட்டியதையே பார்க்கவில்லை. வெள்ளிக்கிழமை அவள் மாப்பிள்ளையோடு மஸ்கட் போகிறாள். அதற்குள் அவள் பக்கத்தில் உட்கார்ந்து ஒருமுறை பார்த்துவிட வேண்டும் அவருக்கு.

திட்டியிருந்தால் நானும் திட்டிவிட்டுத் தப்பித்திருப்பேன். எங்கள் ஊர் மரியாதையிலிருந்து யார் தப்பிக்க முடியும்?

“அவசரமில்லீங்க கண்ணு. நிதானமாப் பாருங்க. நான் இப்படி ஓரமா உக்காந்துக்கறனுங்க.”

ஓரம் என்று அவர் சொன்னது, ஸ்டுடியோவுக்கு இருந்த ஒரே கதவை. டீ சாக்கில் நழுவலாமென்று எழுந்தால், “நீங்க உக்காருங்க, நான் வாங்கியாறனுங்க” என்பார். கறுப்புத் திரையிலிருந்து கெட்டிமேளம் கொட்டும்போதெல்லாம் என் தோளுக்கு மேல் எட்டிப்பார்த்து, “இப்பத்தான் கட்டறாங்களாட்ட இருக்குதுங்க?” என்று கேட்பார். திரையில் இல்லாத படத்தைப் பார்த்து நான் தலையாட்டுவேன். சாஃப்ட்வேரை அழித்துவிட்டு மறுபடி போட்டேன். விநாயகருக்குத் தேங்காய் உடைத்தேன். தேங்காய் மட்டும் திறந்தது.

வியாழக்கிழமை சரணடைந்தேன். கேமராவைத் தூக்கிக்கொண்டு அவரோடு பஸ் ஏறி, அவர் வீட்டு டிவியிலேயே நேராகச் சொருகினேன். முன்பே செய்திருக்கலாம்தான். வெட்டாமல் காட்டினால் என் லட்சணம் வெளியே வந்துவிடுமே! வந்தது. அணைக்க மறந்த கேமராவில் தரை, செருப்புக் குவியல், என் தும்மல் எல்லாம் ஓடின.

“ஏனுங்ணா, உங்க காலு அழகா வந்திருக்குதுங்க” என்றாள் மகள்.

முகூர்த்தம் வந்தது. அப்பா துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். மகளோ திரையின் மூலையைக் காட்டினாள். மேடைக்குப் பின்னால் ஒருவர் குழம்பு வாளியோடு வேட்டி தடுக்க ஓடிக்கொண்டிருந்தார்.

“அப்பா ஓடறத இன்னொருக்காப் போடுங்க.”

போட்டேன். மறுபடியும் கேட்டாள்.

“அதென்ன அம்மணி, தாலி கட்டறதப் பாரு” என்றார் கூச்சத்தோடு.

“அது எனக்குத் தெரியுமுங்கப்பா. நான் அங்கதான இருந்தேன்.”

இன்று எந்தக் கேமராவில் எடுத்ததும் எந்தக் கம்ப்யூட்டரிலும் திறந்துகொள்கிறது. மூலையில் ஓடுகிற ஆளை ஒரு இழுப்பில் வெட்டிவிடலாம். இழுக்கப் போன கை, அது யாருடைய அப்பாவோ என்று நின்றுவிடுகிறது. என் கல்யாண வீடியோக்கள் கொட்டாவி வருமளவுக்கு நீளம் என்று ஊரில் பேச்சு. வாஸ்தவம்தான்.