காதர் பாயைக் கொன்றது பூனைச்சளி அல்ல

அன்று காலை பாகூர் அரிசிக்கடை காதர் பாய் தன் பூனைகளுக்குத் தடுப்பூசி போட, கிருமாம்பாக்கத்தில் இருக்கும் என் கால்நடை கிளினிக்குக்கு வருவதாக இருந்தது. அவருக்குப் பதில் அவர் மனைவியின் போன் வந்தது. “அவுங்க இன்னிக்கி வரமாட்டாங்க டாக்டர். சுபுஹு தொழுகைக்கே எழுந்திரிக்கல” என்றார். தூக்கத்திலேயே உயிர் போயிருந்தது.

ஒரு பூனைக்குட்டியால்தான் பாய் எனக்குப் பழக்கம். கண் இரண்டும் பீளையில் ஒட்டிப்போய், மூக்கடைத்து, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த குட்டியைத் துண்டில் சுற்றிக் கொண்டு வந்தார். பூனைகளுக்கு வரும் சளி வைரஸ் அது. ஒன்றுக்கு வந்தால் தெருவுக்கே பரவும், முன்பே ஊசி போட்டிருந்தால் இவ்வளவு தூரம் போயிருக்காது என்றேன். பேசிக்கொண்டிருக்கும்போதே குட்டி செத்துப்போனது. துண்டால் அதை மூடிவிட்டு, “மீதி இருக்கறதுங்கள எப்ப இட்டுனு வரட்டும்?” என்று கேட்டார்.

அதிலிருந்து வருஷம் தவறாமல், தக்காளிப் பெட்டிகளுக்குள் பூனைகளை அடைத்து ஆட்டோவில் வந்து இறங்குவார். அவர் கையில் கீறல் இல்லாத நாளை நான் பார்த்ததில்லை.

பாகூர் கடைத்தெருக்காரர்களே, தன் பூனைகளுக்கு மட்டும் போட்டால் போதாது என்று உங்கள் கடைகளிலும் ஏறி ஏறிப் பூனைகளைக் கேட்டார். ஊசி போட்ட பூனை எலி பிடிக்காது என்று உங்களில் ஒருவர் கிளப்பிவிட்டார். மற்றவர்கள் பூனையை ஒளித்துவைத்தீர்கள். அவர் தெருவில் வந்தால் மியாவ் என்று கத்தியவர்கள் எல்லாம் பேரன் பேத்தி எடுத்தவர்கள். போன மழைக்காலத்தில் உங்கள் கடைக் குட்டிகள் வரிசையாகச் செத்தபோது, பாய் தன் பூனைகளுக்குப் போட்ட ஊசிதான் நோயைக் கொண்டுவந்தது என்றீர்கள். எனக்கு ரத்தம் கொதித்தது. அவர் சிரித்துக்கொண்டார்.

துக்க வீட்டில் பக்கத்துக் கடைக்காரர் சொன்னதை என் காதால் கேட்டேன். “பூனச்சளி நெஞ்சுல எறங்கிடிச்சி. சொன்னா கேட்டாரா பாய்?” சுற்றி இருந்தவர்கள் தலையாட்டினார்கள். பாய் வருஷக்கணக்காக இதயத்துக்கு மாத்திரை சாப்பிட்டவர் என்பது அங்கே யாருக்குத் தெரியாது? அந்த வைரஸ் மனிதனுக்கு ஒட்டாது என்று அங்கேயே சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை.

மறுநாளே பாயின் கடைப் பூனைகளைச் சாக்கில் போட்டுக் கட்டி, ஏரிக்கரையில் கொண்டுபோய் விட்டுவிட்டீர்கள். மனிதர் கைக்கு அடங்க அவற்றைப் பழக்கியவர் பாய். அதனால்தான் உங்களுக்கும் பிடிக்கச் சுலபமாக இருந்தது. நான் போய்த் தேடியதில் கிழட்டுக் கடுவன் பூனை ஒன்றுதான் கிடைத்தது. இப்போது என் வீட்டில் இருக்கிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை.

கடைத்தெரு முனையில் பாய் படம் போட்டு, ‘தங்க மனசுக்காரர்’ என்று பேனர் கட்டியிருக்கிறீர்கள். நானும் பார்த்தேன்.

“ரோஷமே கிடையாதா பாய் உங்களுக்கு?” என்று ஒருமுறை அவரிடம் கோபமாகவே கேட்டுவிட்டேன். “அவுங்க கிட்ட ரோஷம் பாத்தா, அவுங்க பூனைக்கு யாரு டாக்டர் ஊசி போடறது?” என்றார். அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்தக் கேள்விதான். எனக்கோ ரோஷம் அதிகம். இருந்தாலும் அடுத்த வாரம் ஊசி மருந்தோடு உங்கள் கடைகளுக்கு வருகிறேன். பூனையைப் பிடித்துக் கொடுங்கள், போதும். பாய் எவ்வளவு நல்லவர் என்று மட்டும் என்னிடம் சொல்லாதீர்கள்.