பாலத்தைத் தாண்டாத பஸ்

எங்கள் குசினி ஜன்னலைத் திறந்தால் பக்கத்துப் பட்டினம் தெரியும். தேவாலயத்தின் கூர்க்கோபுரம், சூப்பர் மார்க்கெட்டின் மஞ்சள் பலகை, நான் வேலை செய்கிற முதியோர் இல்லத்தின் தகரக் கூரை எல்லாம் தெரியும். நடந்தால் ஒரு மணித்தியாலம். ஆனால் அந்தப் பட்டினம் எங்களுடையது இல்லை. இடையில் ஓடுகிற ஆறுதான் எல்லை. ஆறு என்று ஒரு மரியாதைக்குச் சொல்கிறேன், கோடையில் செருப்பைக் கழற்றாமலே தாண்டலாம். அதற்கு அந்தப் பக்கம் வேறு கிரைஸ், இந்தப் பக்கம் வேறு கிரைஸ். இங்கே ஜெர்மனியில் கிரைஸ் என்றால் நம் ஊர் மாவட்டம் மாதிரி. குப்பை எடுக்கிற நாளும் காரின் நம்பர் தகடும் அந்தப் பக்கம் வேறு, பள்ளிக்கூட பஸ்ஸும் வேறு.

எங்கள் கிரைஸின் தலைநகர் இரண்டு மலைக்கு அப்பால் இருக்கிறது. எங்கள் ஊரில் எந்த வீட்டு ஜன்னலிலிருந்தும் அது தெரியாது. பாஸ்போர்ட்டா, காரைப் பதிவதா, கட்டட அனுமதியா, எல்லாவற்றுக்கும் அங்கேதான் ஓட வேண்டும். பாணும் பாலும் மருந்தும் ஆற்றுக்கு அந்தப் பக்கம், முத்திரை குத்துவது மலைக்கு அந்தப் பக்கம். இந்தக் கோட்டைப் போட்ட மனிதர் எங்கள் ஊரில் ஒரு நாளாவது பஸ் ஏறியிருக்க மாட்டார் என்று நான் சத்தியம் பண்ணுவேன்.

பஸ்ஸும் அந்தக் கோட்டை மதித்து ஓடியது. எங்கள் கிரைஸ் பஸ் ஊருக்குள் வந்து, இறக்கத்தில் பாலம் வரைக்கும் போய், பாலத்துக்கு முன்னால் திரும்பிவிடும். அவர்களுடைய பஸ் பட்டினத்திலிருந்து புறப்பட்டு மர ஆலை வரைக்கும் வந்து திரும்பிவிடும். இரண்டுக்கும் இடையில் பத்து நிமிட நடை, இரண்டு பக்கமும் சோள வயல், நடுவில் நான்.

ஆறு வருடத்துக்கு முன் என் கணவருக்கு ஜன்னல் செய்கிற தொழிற்சாலையில் வேலை கிடைத்ததால் கொலோன் நகரத்தை விட்டு இங்கே வந்தோம். அவருடைய தொழிற்சாலை நேர் எதிர்த்திசையில். நாலரை மணிக்கே காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எனக்கு லைசென்ஸ் இல்லை. மூன்று தடவை சோதனைக்குப் போய் மூன்று தடவையும் கோட்டை விட்டேன். பின்பக்கமாக ஓட்டச் சொன்னால் எனக்கு இடமும் வலமும் மாறிவிடும். சைக்கிளில் போகலாமே என்று யோசனை சொன்னவர்களை எங்கள் ஏற்றத்தில் ஒரு நாள் மிதிக்க விட வேண்டும்.

இல்லத்தில் எனக்குப் பின்னேரப் பாத்திரம் கழுவும் வேலை. நடந்தும் பஸ் மாறியும் எப்படியோ ஓடிக்கொண்டிருந்தது. ஒரு நாள் பொறுப்பாளர் பெண் என்னை அறைக்குக் கூப்பிட்டார். பெரிய சமையற்காரி அடுத்த இலையுதிர் காலத்தில் ஓய்வு பெறுகிறாராம், அந்த இடத்துக்கு நான் வருகிறேனா என்று கேட்டார். ஐம்பது வயதை எட்டிப் பிடிக்கிற நேரத்தில் ஒருத்தி என்னைப் பார்த்து, முழுச் சமையலறையையும் எடு என்கிறாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே சம்மதம் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்த பிறகுதான் மண்டையில் உறைத்தது. காலை ஆறேகாலுக்கு அடுப்புப் பற்ற வேண்டும். மர ஆலையிலிருந்து அவர்களின் முதல் பஸ்ஸே ஏழு மணிக்குத்தான், விடியாத இருட்டில் முழுத் தூரமும் தினமும் நடக்க ஏலாது. எங்கள் பஸ் பாலத்தைத் தாண்டினால் எனக்கு வேலை, தாண்டாவிட்டால் பழையபடி சட்டி பானைதான்.

ஊர்த்தலைவரிடம் போனேன். அது சம்பளமில்லாத பதவி. அவர் முப்பது வருடம் இந்த மலைகளில் கடிதம் கொடுத்த தபால்காரர், செவ்வாய்க்கிழமைகளில் தீயணைப்பு நிலையத்தின் பின்னறையில் ஒரு மேசையைப் போட்டுக்கொண்டு இருப்பார். நான் சொன்னதை எல்லாம் கேட்டுவிட்டு, இது ஊர்ச்சபை வழியாக அன்ட்ராக்காக, அதாவது விண்ணப்பமாகப் போக வேண்டும் என்றார். பிறகு, வருகிற தேர்தலில் ஊர்ச்சபைக்கு ஒரு ஆள் குறைகிறது, நீங்களே நில்லுங்களேன் என்றார். நான் ஜெர்மன் குடியுரிமை எடுத்துப் பல வருடம். ஒன்பது இடத்துக்கு ஒன்பது பேர் நின்றோம், ஆகவே வென்றதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. இருந்தாலும் என் கணவர் ஒரு மாதம் என்னை மந்திரி அம்மா என்றுதான் கூப்பிட்டார்.

முதல் கூட்டத்தில் இடுகாட்டுத் தண்ணீர்க் குழாயைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார்கள். குழாய் இடப்பக்கம் இருப்பதா, வலப்பக்கம் இருப்பதா? ஒருவரும் சத்தம் போடவில்லை, ஒருவரும் கதிரையைத் தள்ளிவிட்டு எழும்பவில்லை. கொலோனில் எங்கள் ஆட்களின் கோயில் கூட்டம் என்றால் இதற்குள் இரண்டாகப் பிரிந்து புதுச் சங்கம் தொடங்கியிருக்கும். எனக்கு அந்த நிதானம் ஆரம்பத்தில் விசரைக் கிளப்பியது. பிறகு பிடித்துப்போனது.

என் பஸ் விஷயம் வாக்கெடுப்புக்கு வந்தபோது ஏழு பேர் கை தூக்கினார்கள், ஒருவர் பேசாமல் இருந்தார், ஒருவர் எதிர்த்தார். எதிர்த்தவர் என் பக்கத்து வீட்டுக்காரர். கல்லுடைக்கிற குவாரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர், நாங்கள் வருவதற்கு முன்பே மனைவியை இழந்தவர். எல்லோரிடமும் கார் இருக்கிறது, அந்தப் பக்கம் போக யாருக்கு பஸ் வேண்டும் என்று மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். வேலிக்கு மேலால் அவரைவிதையும் கறிவேப்பிலையும் பண்டமாற்றுச் செய்த மனிதர். எனக்கு நெஞ்செல்லாம் எரிந்தது. அதற்குப் பிறகு அவரைக் கண்டால் உடுப்புக் காயப்போடுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விண்ணப்பம் எங்கள் ஊர்ச்சபையிலிருந்து பல ஊர்களுக்குப் பொதுவான ஒன்றியத்துக்குப் போய், அங்கிருந்து கிரைஸுக்குப் போய், எங்கள் கிரைஸ் அவர்கள் கிரைஸுக்கு எழுதி, அவர்கள் பாலத்தின் பாரத்தைச் சரிபார்த்து, கடைசியில் இரண்டு பக்க அதிகாரிகளும் பாலத்தில் ஒரு தெர்மின், அதாவது நாளும் நேரமும் குறித்த சந்திப்பு வைத்து, குடையோடு நின்று பேசினார்கள். முடிவு வந்தது: ஆறு மாதம் சோதனை ஓட்டம். காலை ஐந்தே முக்கால் பஸ் பாலத்தைத் தாண்டும். சாரதி ஒவ்வொரு நாளும் தலையை எண்ணுவார். சராசரியாக நாலு பேர் ஏறினால் பஸ் நிலைக்கும், இல்லாவிட்டால் பழையபடி பாலத்தோடு திரும்பும்.

முதல் மாதம் அந்த பஸ்ஸில் இரண்டு பேர். நானும், பட்டினத்தில் தலைமயிர் வெட்டப் பழகுகிற ஒரு பெண்ணும். அவளும் பாதி நாள் தன் காதலனின் காரில் போய்விடுவாள். சமையலறை எனக்குப் பிடிபட்டுக்கொண்டு வந்தது. முதியவர்கள் பருப்பு சூப்பில் நான் போடுகிற மஞ்சளைக் கேட்டு வாங்கிக் குடித்தார்கள். ஆனால் ஒவ்வொரு நாளும் சாரதி பாலத்தடியில் ஆள் எண்ணுகிற சின்னப் பொத்தானை ஒரு தடவை, இல்லாவிட்டால் இரண்டு தடவைதான் அமத்தினார்.

கொலோனில் இருக்கும் என் அக்காவுக்கு டெலிபோனில் சொல்லிப் புலம்பினேன்.

"நாலு பேரோ? உதுக்குப்போய் அழுறியே?" என்றாள் அக்கா. "பள்ளிக்கூட லீவு வருது. நாங்கள் எல்லாரும் வாறம். ஆக்களைச் சேர்க்கிறது எங்களுக்கு ஒரு வேலையே?"

வந்தார்கள். அக்கா குடும்பம், மச்சாள் குடும்பம், மச்சாளின் தங்கை குடும்பம், பிள்ளைகளோடு பதினாறு பேர். வீட்டில் நிலமெல்லாம் மெத்தை. ஐந்து நாளும் காலை ஐந்தே முக்காலுக்குப் பதினாறு பேரும் மப்ளர் கட்டி, பிளாஸ்கில் தேத்தண்ணியும் பெட்டி நிறைய ரோல்ஸுமாக பஸ் ஏறினார்கள். பாலத்தைத் தாண்டிப் பட்டினம் போய், அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்து படுத்துக்கொண்டார்கள். கல்யாண வீட்டுக்கு ஆள் சேர்க்கிற மாதிரி, பிறந்தநாள் மண்டபத்தை நிரப்புகிற மாதிரி, நாங்கள் என்றைக்கும் செய்கிற வேலைதானே. சாரதிக்கு அக்கா ரோல்ஸ் கொடுத்தாள். அவர் பொத்தானைப் பதினேழு தடவை அமத்தினார். அந்தச் சத்தத்தைக் கேட்க எனக்கு நாதஸ்வரம் மாதிரி இருந்தது.

மூன்று கிழமை கழித்து கிரைஸிலிருந்து கடிதம். அந்த வாரத்தின் எண்ணிக்கையை முழுவதுமாகக் கழித்துவிட்டார்களாம். வழக்கத்துக்கு மாறான நிகழ்வு என்று எழுதியிருந்தார்கள். கார்னிவல் திருவிழா நாட்களையும் இப்படித்தான் கழிப்பார்களாம். மீதி வாரங்களின் சராசரி ஒன்றரைதான், இப்படியே போனால் சோதனை ஓட்டத்தை முன்கூட்டியே நிறுத்த வேண்டி வரும் என்றும் இருந்தது.

கடிதத்தை எடுத்துக்கொண்டு செவ்வாய்க்கிழமை தீயணைப்பு நிலையத்துக்குப் போய் ஊர்த்தலைவர் மேசையில் போட்டேன். என்னுடைய சொந்தக்காரர் என்ன கார்னிவலா, அவர்கள் டிக்கெட் எடுத்துத்தானே ஏறினார்கள், உங்கள் ஆட்கள் பாண்டு வாத்தியத்தோடு ஏறினால் இப்படிக் கழிப்பார்களா என்று வாய்க்கு வந்ததெல்லாம் கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இரண்டு மணி நேரப் பயணத் தூரத்தில் இருப்பவர்களைக் கூப்பிட்டீர்கள்," என்றார். "பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டவில்லை. எங்களை நீங்கள் கேட்கவே இல்லையே."

கேட்கவில்லைதான். சொந்தத்திடம் கேட்பது உரிமை, அந்நியரிடம் கேட்பது பிச்சை என்று எனக்குள் ஊறிப்போயிருந்தது. வந்த புதிதில் அகதி முகாமில் போர்வைக்கும் சவர்க்காரத்துக்கும் வரிசையில் நின்ற காலத்தில், இனி இந்த நாட்டில் எவரிடமும் எதையும் கேட்பதில்லை என்று முடிவெடுத்தவள் நான். ஆறு வருடமாக இந்த ஊரில் கொடுத்திருக்கிறேன், அவரைவிதை வாங்கினால் இரண்டு மடங்கு கறிவேப்பிலை கொடுத்திருக்கிறேன். கேட்டது கிடையாது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் அன்றைக்கும் கேட்க வாய் வரவில்லை. ஏலாமல் இருக்கிறது என்று மட்டும் சொன்னேன். அவர் ஒரு தாளை எடுத்துக் கோடு போடத் தொடங்கினார்.

அடுத்த திங்கட்கிழமை தரிப்பிடத்தில் பேக்கரிக்காரியின் தாயும், தீயணைப்புப் படையில் இருக்கிற அண்ணன் தம்பி இருவரும் நின்றார்கள். பட்டினத்தில் என்ன அலுவல் என்று கேட்டேன். ஒன்றுமில்லை, போய் வரப் போகிறோம் என்றார்கள். செவ்வாய்க்கிழமை என் பக்கத்து வீட்டுக்காரர் நின்றார். என்னைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார். நான் முன் இருக்கையிலும் அவர் கடைசி இருக்கையிலும் போனோம். இறங்கும்போது பார்த்தேன், அவர் இறங்கவில்லை. அதே பஸ்ஸில் இருந்தபடியே திரும்பிப் போனார்.

பிறகுதான் தீயணைப்பு நிலையத்துப் பலகையில் அந்தத் தாளைக் கண்டேன். கிழமை நாட்கள் கோடு போட்டு, ஒவ்வொரு நாளுக்கும் நாலைந்து வீடு. குப்பைப் பீப்பாய் வைக்கிற நாளுக்குப் பட்டியல் போடுகிற அதே ஒழுங்கோடு எனக்காகவும் பட்டியல் போட்டிருந்தார்கள். அதன் முன்னால் நின்று நான் அழுதது உண்மை. பட்டியலில் செவ்வாய்க்கிழமை முதல் பெயர் பக்கத்து வீட்டுக்காரருடையது, அவருடைய கையெழுத்திலேயே.

இதை இல்லத்தில் நெடுநாள் வேலை செய்கிற தாதி ஒருத்தியிடம் சொன்னேன். பஸ்ஸுக்கு எதிராக வாக்குப் போட்ட கிழவன் பஸ்ஸிலேயே வருகிறான் பார் என்று. அவள் சிரிக்கவில்லை. அவருடைய மனைவி எங்கள் இல்லத்தில்தான் இரண்டு வருடம் கிடந்தாராம், முதல் மாடியில், தெருவைப் பார்த்த அறையில். அவர் ஒரு நாள் தவறாமல் காரில் வருவாராம். மனைவி போன பிறகு அவர் பாலத்தைத் தாண்டியதே இல்லையாம், பாணுக்குக்கூட மலைக்கு அந்தப் பக்கம்தான் போவாராம். அந்தப் பக்கம் போக யாருக்கு பஸ் வேண்டும் என்று அவர் சொன்னது அப்போதுதான் எனக்கு விளங்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டு திரிந்த என் புத்தியை நினைத்து எனக்கே என்மேல் கோபம் வந்தது. அவரிடம் இதைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை. ஒவ்வொரு செவ்வாயும் அவர் தரிப்பிடத்துக்கு வந்தார், கடைசி இருக்கையில் இருந்தார், இல்லத்தின் முன்னால் பஸ் நிற்கும்போது மற்றப் பக்க ஜன்னலைப் பார்த்தார், திரும்பிப் போனார்.

வசந்தத்தில் முடிவு வந்தது. சராசரி நாலேகால். பஸ் இனி நிரந்தரம். ஊர்த்தலைவர் கூட்டத்தில் கடிதத்தை வாசித்தபோது ஒருவரும் கை தட்டவில்லை, மேசையை விரல் முட்டியால் தட்டினார்கள், இங்கே அதுதான் வழக்கம். நான் எழுந்து நன்றி சொல்ல, அடுத்த விஷயமாக விளையாட்டு மைதானத்து வேலிக்குப் போய்விட்டார்கள்.

அடுத்த செவ்வாய்க்கிழமை தரிப்பிடத்தில் அவர் நின்றார்.

"எண்ணுவது முடிந்துவிட்டது," என்றேன். "இனி நீங்கள் சிரமப்பட வேண்டாம்."

"தெரியும்," என்றார்.

அன்றைக்கு அவர் கடைசி இருக்கைக்குப் போகவில்லை, நடைவழிக்கு மற்றப் பக்கம், எனக்கு நேரே இருந்தார். பாலம் தாண்டியது, மர ஆலை தாண்டியது. இந்த ஊரில் முதல் தடவையாக நான் ஒருவரிடம் ஒன்றைக் கேட்டேன். காலையில் எனக்கு முதல் அரை மணி நேரம் துணைக்கு ஆள் இல்லை, தனியாக இருக்கிறது, இறங்கி ஒரு கோப்பி குடித்துவிட்டுப் போக முடியுமா என்று கேட்டேன். பஸ் நின்றது. நான் இறங்கினேன். பின்னால் அவருடைய சப்பாத்து படியில் படுகிற சத்தம் கேட்டது. வாசலில் நின்று முதல் மாடி ஜன்னலைக் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தார்.

"இங்கே கோப்பி இன்னமும் அந்த மாதிரித் தண்ணியாகத்தான் இருக்கிறதா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றேன். "இப்போது சமையலறை என்னுடையது."